அக்காவின் காந்தம் அயர்ன் பாக்ஸ் ஏறிய கதை

ஜனவரி 5

இதனால் சகலருக்கும் அறிவிப்பது: எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவை அலங்கரித்த காந்த மாம்பழம், இன்று காலை அயர்ன் பாக்ஸ்மேல் உருகிக் காலமானது. அம்மாவின் இரங்கல் தீர்மானம் என் முதுகில் நிறைவேறியது.

எல்லாம் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக. அனுசுயா மிஸ் எனக்குக் கொடுத்த தலைப்பு, காந்தப் படிகங்களில் நிலைமாற்றம். என் வகுப்பு ராபினுக்கு எரிமலை. பாவம்.

சில படிகங்களில் ஓர் அணுவின் எலக்ட்ரான் மேகம் நெடுக்கே நிற்குமாம், அடுத்தது குறுக்கே. பனியன் கழுத்தில் வரும் ரிப் துணியில் ஒரு கண்ணி முன்னே, ஒரு கண்ணி பின்னே வருவதுபோல். சூடு எல்லை தாண்டினால் வரிசை கலையும், ஆறினால் திரும்பும். காந்தத்திலும் அப்படி ஒரு வரிசைதான். புரிந்துவிட்டது. கண்காட்சி நாளான 23-ஆம் தேதிப் பக்கத்தில் 'முதல் பரிசு: ஜாஹித்' என்று இப்போதே எழுதிவிட்டேன்.

ஜனவரி 11

நல்ல காந்தம் எங்கே கிடைக்கும்? மெஹ்ஜபின் அக்காவின் பையில். பெருமாநல்லூர் பனியன் கம்பெனியில் தையல் ஊசி உடைந்தால், எல்லாத் துண்டையும் தேடி எடுப்பது அவள் பொறுப்பு. கத்திரிக்கோலையே தூக்கும் காந்தம்! அவள் குளிக்கப் போன நேரத்தில் அயர்ன் பாக்ஸ்மேல் வைத்தேன். சுடச்சுட, குண்டூசி ஒட்டவில்லை. ஆறியதும் ஒட்டியது! வெற்றி! பையில் போட்டுவிட்டேன்.

ஜனவரி 12

இன்று கம்பெனியில் ஊசி உடைந்து, முனை கிடைக்கவில்லை. அக்கா காந்தத்தால் தரை முழுக்கத் துழாவி, "இங்க இல்லீங்க" என்றிருக்கிறாள். துணிக்குள் ஊசி இருந்தால் காட்டிக்கொடுக்கும் டிடெக்டர் மெஷின் கத்தியது. முனை ஒரு குழந்தைச் சட்டைக்குள். அவளை அந்த வேலையிலிருந்து எடுத்து, நூல் பிசிறு வெட்ட உட்கார வைத்துவிட்டார்கள்.

"நாலு வருசமா ஒரு துண்டு தவறல. என்ற கண்ணுதான் கெட்டுப்போச்சா?" என்று அழுதாள். நான் சோறு தின்றேன்.

ஜனவரி 13

அக்காவின் பையிலேயே கிடந்த காந்தத்தால் கத்திரிக்கோலைத் தூக்கிப் பார்த்தேன். தூக்கவில்லை. சே! குண்டூசி ஒட்டினால் போதுமா? ஆறியாச்சேடா, திரும்பி வரவேண்டியதுதானே! வா! வந்து தொலை!

ஜனவரி 19

அயர்ன் பாக்ஸைப் பார்த்தாலே எரிச்சல்.

ஜனவரி 23

முதல் பரிசு: ஜாஹித்.

முன்பே எழுதிய அந்த வரியைக் கோடு போட்டு அடித்துவிட்டேன். கண்காட்சிக்கே போகவில்லை. கம்பெனிக்குப் போய் மேனேஜர் ஆரோக்கியராஜ் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தூத்துக்குடிக்காரர்.

"சூடு ஆறுனா சரியாயிரும்லா தம்பி?"

"அப்படித்தான் நானும் நெனச்சனுங்க."

முறைத்தார். பிறகு அக்காவைக் கூப்பிட்டு, "நாளையிலேர்ந்து பழைய வேலைக்கே போம்மா. இனி காந்தம் வீட்டுக்குப் போகக் கூடாது" என்றார். திரும்பும் பஸ்ஸில் அக்கா என் காதைத் திருகினாள். இன்னும் எரிகிறது.

மாலையில் மிஸ்ஸுக்கு ஃபோன் செய்தேன். நிலைமாற்றம் நடந்தும் சக்தி ஏன் திரும்பவில்லை என்று கேட்டேன். சிரித்துவிட்டார்.

"அந்தக் காந்தத்துல நிலைமாற்றம் நடக்க முந்நூறு டிகிரிக்கு மேல வேணும் கண்ணு. அயர்ன் பாக்ஸுல அவ்வளவு ஏறாது. உள்ள இருக்கற சின்னச் சின்னக் காந்தப் பகுதிக அந்தச் சூட்டுல ஆளுக்கொரு பக்கம் திரும்பியிருக்கும். அதுக ஆறினாலும் தானா நேராகாது."

ஆக, பெரிய விஞ்ஞானி செய்த நிலைமாற்றம் நடக்கவே இல்லை. காந்தத்தைக் கெடுத்தது மட்டும்தான் நடந்தது.