எண்மடங்கு கேக்

1957 மே 5, ஞாயிறு

பிள்ளைகள் ஏரிக்குப் போய்விட்டார்கள். மலைமேல் இந்தப் பள்ளி ஹாஸ்டல் கப்சிப். என் அறை, என் ஜன்னல், வெளியே பேரி மரம், கையில் சுடச்சுடக் காபி. மகாராணிக்குக்கூட இவ்வளவுதான் இருக்கும்.

அந்த நேரம் பார்த்து வாழைப்பழ லாரிக்காரர் ஆண்டிச்சாமி வந்தார். "உங்கண்ணன் பதினெட்டாந் தேதி வாராராம்மா, உங்களக் கூட்டிட்டுப் போக. வைகாசி விசாகத்துக்குக் கடையில ஆள் வேணுமாம்."

மயில்சாமி அண்ணன் நல்லவர். அதுதான் தொல்லை. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிடலாம். என் வீட்டுக்காரர் போன பிறகு ஆறு வருஷம் சோறு போட்டவர். ஆனால் பழனியில் நான் படுத்தது பஞ்சாமிர்தக் கடையின் பின்கட்டில், வெல்ல மூட்டைகளுக்கு நடுவில். சாத்திக்கொள்ள ஒரு கதவு கிடையாது. எறும்பு வேறு.

இங்கே சமையற்கட்டு மேற்பார்வை வேலை இன்னும் தற்காலிகம்தான். நிரந்தரமா இல்லையா என்று வெள்ளைக்கார வார்டன் அம்மா மாதக் கடைசியில் சொல்வார். ஆகிவிட்டால் அண்ணனிடம் சொல்ல எனக்கு ஒரு வாய் இருக்கும். ஆகாவிட்டால் வெல்ல மூட்டைதான்.

மே 9

பதினெட்டாம் தேதி பெற்றோர்களுக்கு டீ. அண்ணன் வரும் அதே நாள்! வார்டன் அம்மா ஒரு துண்டுச் சீட்டு நீட்டினார்: வழக்கமான ஞாயிற்றுக்கிழமை கேக்கை 'ஆக்டுப்பிள்' செய்யவும். "புரிந்ததா, சுந்தரி?"

"யெஸ் மேடம்" என்றேன், பிறந்ததிலிருந்து ஆக்டுப்பிள் செய்துகொண்டிருப்பவள் மாதிரி. கேட்டால் என்ன குறைந்துவிடும்? கேட்க மாட்டேன். என் புத்தி அப்படி.

மே 10

லைப்ரரியில் யாரும் இல்லாத நேரம் அகராதியைப் புரட்டினேன். எட்டு மடங்காக்குதல். எண்மடங்கு. 'அருகிய வழக்கு' என்று வேறு போட்டிருக்கிறது. டபுள், ட்ரிபிள் எனக்குத் தெரியும். இந்த வரிசை அதற்கு மேலும் போய்க்கொண்டே இருக்கிறதாம். நம்மிடமும்தான் இருமடங்கு, மும்மடங்கு, எண்மடங்கு எல்லாம் இருக்கிறது. யார் சொல்கிறோம்? "எட்டுப் பங்கு போடு" என்றால் தீர்ந்தது.

சொல் பிடித்துவிட்டது. இன்று முழுக்க வாயில் அதுதான். குளிர் ஆக்டுப்பிள். சமையற்காரன் பொன்னுவேலின் மீசை ஆக்டுப்பிள்.

மே 17

பொன்னுவேலோடு வாக்குவாதம். "அடுப்புல ஒரு தடவைக்கு ரெண்டு கேக்குத் தகரந்தான் புடிக்கும்க்கா. நாலு ஈடு போடணும். வெள்ளனே ஆரம்பிச்சிருவோம்" என்றான்.

நான் விடுவேனா? எங்கள் கடையில் பத்துப் பேருக்கானாலும் ஆயிரம் பேருக்கானாலும் ஒரே அண்டா, ஒரே கை. பாத்திரம் பிரிந்தால் ருசி பிரிந்துவிடும் என்பார் அப்பா. அவன் தலையைச் சொறிந்துகொண்டு போனான். மாவு, சர்க்கரை, வெண்ணெய், முட்டை எல்லாம் எட்டுப் பங்கு எடுத்து வைத்தாயிற்று. போன வருஷம் முட்டை நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொண்டவள் நான். இப்போது ஒற்றைக் கையால் உடைக்கிறேன். வீட்டில் யாருக்கும் தெரியாது.

மே 18

போச்சு. எல்லாம் போச்சு.

மே 19, ஞாயிறு

நேற்று மத்தியானம் அந்த ஒரு வரிதான் எழுத முடிந்தது. இன்று முழுசாக எழுதுகிறேன்.

மொத்த மாவையும் ஊற்றி வேகவைத்த அண்டாவை மத்தியானம் இறக்கினேன். மேலே கரி. கரண்டியை விட்டால் உள்ளே கூழ்! டீக்கு இன்னும் இரண்டு மணி நேரம்கூட இல்லை. கீழே உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

அப்போதுதான் அண்ணன் வாசலில் வந்து நின்றார். என் சாமான்களைக் கட்டிக்கொண்டு போக ஒரு புதுத் தகரப்பெட்டி, கயிற்றால் கட்டி, தோளில்.

"ஏந்தாயி, இது என்ன இப்பிடிக் கெடக்கு?"

சொன்னேன்.

"அடி கூறுகெட்டவளே, பஞ்சாமிர்தம் அடுப்பு ஏறுதா? அது பிசையிற சரக்கு. இது வேகுற சரக்குல்ல! எட்டுப் பங்கு மாவு போட்ட, தீ எட்டுப் பங்கா உள்ள போகும்?"

சுருக்கென்றது. ஆனால் வாஸ்தவம். அகராதி அர்த்தம் சொல்லும். அடுப்பைப் பற்றி அதற்கென்ன கவலை?

எனக்கே திடீரென்று தோன்றியது. இங்கே சமையற்கட்டு ஆட்களுக்கு இட்லி அவிக்கும் கொப்பரை! "பொன்னுவேல், கரியை வெட்டி எறி. உள்ளே இருக்கிறதை வழித்து இட்லித் தட்டில் ஊற்று. அண்ணே, நீங்க தீயைப் பாருங்க."

"முட்டையா?" என்று மூலையில் கிடந்த ஓடுகளைப் பார்த்து ஒரு அடி பின்னால் போனார் அண்ணன். "முருகா, நான் அதத் தொடல" என்று சொல்லிவிட்டு விறகைத் தள்ளினார். ஈடு வேகும்போதே, யாரும் கேட்காமல், மலைவாழைப்பழத்தை உரித்து வெல்லமும் நெய்யும் ஏலக்காயும் போட்டுப் பிசைய ஆரம்பித்துவிட்டார். கை சும்மா இருக்காது அவருக்கு. இட்லி இட்லியாக இறங்கிய கேக்கின் தலையில் அதை ஒரு கரண்டி வைத்து அனுப்பினேன். தட்டெல்லாம் காலியாகத் திரும்பின.

வார்டன் அம்மா உள்ளே வந்து கரியைப் பார்த்தார். மறைக்கவில்லை, நடந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் இன்னொரு இட்லி கேக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "இவர் யார்?" என்றார்.

"என் அண்ணன். என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறார்."

"ஐயா, நீங்கள் இவளை எப்போது திரும்பக் கொண்டுவருவீர்கள்?" இவ்வளவு சுத்தமான தமிழை அவர் எங்கேதான் படித்தாரோ!

அண்ணன் எழுந்து கையைத் துடைத்தார். "அவ சொல்லட்டும்ங்க."

"நான் வரலண்ணே. எனக்கு இங்க நல்லாருக்கு" என்றேன். இத்தனை வருஷத்தில் எனக்கு வேண்டியதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "வெறகு ஈரமா இருக்கு. மாத்தச் சொல்லு" என்றார். இன்று காலை முதல் பஸ்ஸில் போய்விட்டார். பெட்டி இங்கேயே கிடக்கிறது. மறந்தாரா, கோபமா? தெரியவில்லை.

மே 31

நிரந்தரம்! கேக் இனிமேல் ரெண்டு ரெண்டாகத்தான் என்று பொன்னுவேலிடம் சொன்னேன். மீசைக்குள் சிரித்தான்.

ஜூன் 16, ஞாயிறு

மூடுபனி. பெட்டியில் கம்பளியும் புடவைகளும் வைத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளியிருக்கிறேன். அண்ணனிடமிருந்து இதுவரை ஒரு வார்த்தை இல்லை.

இன்று ஆண்டிச்சாமி வந்தார். "விசாகம் நல்லா நடந்துச்சும்மா. கூட்டம்னா கூட்டம். உங்கண்ணன் இதக் குடுத்துவிட்டாரு. பொம்பள தனியா இருக்கா, பெட்டிக்குப் பூட்டு இல்லாம இருக்கக் கூடாதுன்னாரு."

காகிதத்தைப் பிரித்தேன். புதுத் திண்டுக்கல் பூட்டு. சாவி இரண்டும் அதோடேயே இருந்தன.