பார்சல் என்று நீ சொன்னது

ராயபுரம்,
பிப்ரவரி 9

அன்புள்ள ஜெமிமாவுக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் சுகம். நீயும் சுகமாக இருக்கிறாய் என்று எழுதத்தான் கை போகிறது. எழுதவில்லை. உன் ஆபீஸ் தோழி செங்கொடி லீவில் வந்தவள் நேற்று அம்மா இல்லாத நேரம் வீட்டுக்கு வந்தாள். நவம்பரிலிருந்து நீ புனேவில் லேடீஸ் ஹாஸ்டலில் இருக்கிறாயாம். ஜோபின் உன் பெட்டியை வாசலில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டானாம். அவனை மாப்பிள்ளை என்று எழுத வரவில்லை. உடனே போனை எடுத்தேன். வைத்துவிட்டேன். போனில் என் வாய் எனக்கு முன்னால் ஓடும். பேனா என்றால் எழுதியதை அடித்துவிடலாம். இதற்குள்ளேயே இரண்டு கிண்டலைக் கோடு போட்டு அடித்திருக்கிறேன், மேலே கறுப்பாகத் தெரியும் பார்.

கிறிஸ்துமஸுக்குத் தனியாக வந்தாய். சாப்பாட்டு மேஜையில் சித்தி, மாப்பிள்ளை எங்கே என்று கேட்டதும் நீ பிரியாணியைப் பிசைந்துகொண்டே, "என்னைப் பார்சல் பண்ணி அனுப்பிட்டாரு சித்தி, திருப்பி வாங்கிக்க மாட்டாராம்" என்றாய். சிரித்துக்கொண்டே. நான் விட்டேனா. "சரக்கு டேமேஜா கீதுன்னு பார்ட்டி ரிட்டர்ன் அடிச்சிட்டான், ஹார்பர்ல டெய்லி பாக்கறதுதான்" என்றேன். சித்தப்பாவுக்குப் புரையேறிவிட்டது. நீயும் சிரித்தாய். பாதித் தட்டோடு எழுந்துபோனாய். இரண்டு நாள் முன்னதாகவே ரயிலேறினாய், லீவு இல்லை என்றாய், அதை மட்டும் நம்பினேன்.

ஹார்பரில் எங்கள் கன்டெய்னர் யார்டில் ஒரு பழக்கம். யாருக்காவது அடிபட்டால் ஆம்புலன்ஸ் வரும்வரை சுற்றி நின்று அவனைக் கிண்டலடித்து ஓட்டுவோம். தாவூதின் கால் கன்டெய்னர் கதவில் நசுங்கியபோது, "இன்னா மாமு, இனிமே ஒத்தச் செருப்பு போதுமே" என்றேன். அவன் என் அம்மாவிலிருந்து ஆரம்பித்துத் திட்டினான். திட்டத் திட்ட எங்களுக்குத் தெம்பு. அவன் மயங்கவில்லை, கண் நசுங்கிய காலுக்குப் போகவில்லை. முப்பது வருஷமாக எனக்குத் தெரிந்த ஒரே முதலுதவி இதுதான். ஆனால் அங்கே ரத்தம் கண்ணுக்குத் தெரியும் ஜெமி. பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்போம். நீயோ அடிபட்டதையே உன்னைக் கேலி செய்துகொண்டு சொல்கிறவள். பத்தாவதில் கணக்கில் தவறியபோதும், "கணக்கு சாருக்கு என்னைப் பிரிய மனசில்ல நைனா" என்றாய். தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அன்றைக்கு நீ சாப்பிட்டாயா என்று இப்போது யோசிக்கிறேன். நினைவில்லை. சிரித்துச் சொல்வது, என்னம்மா ஆச்சு என்று யாராவது கேட்பார்களா என்று பார்க்கத்தான் போலிருக்கிறது. அந்த மேஜையில் ஒருத்தரும் கேட்கவில்லை. நான் கேட்கவிடவில்லை.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை, அது நீ சொல்ல வேண்டியது. அவளுக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது, இருமல்தான் போகமாட்டேன் என்கிறது. ஹாஸ்டல் சாப்பாட்டை நம்பாதே, காலையில் ஒரு முட்டையாவது சாப்பிடு. ஆபீஸை விட்டுவிடாதே. ஜோபின் பேசக் கூப்பிட்டால் தனியாகப் போகாதே, செங்கொடியைக் கூட்டிக்கொண்டு போ.

கர்த்தர் உன் பக்கத்திலேயே இருப்பாராக. ஞாயிறு ஆராதனை முடிந்து பதினோரு மணிக்குப் போன் செய்வேன், எடும்மா. நீ இங்கே வருகிறாயா, நான் அங்கே வரட்டுமா, அதை மட்டும் சொன்னால்கூடப் போதும். சிரித்துக்கொண்டே சொன்னாலும் இந்த முறை நம்புவேன்.

உன் நைனா,
சாலமோன்