ஆகாயத்தில் ஒரு செம்பு தண்ணீர்

1953 ஜூன் 8, திங்கள்

மழை. இடவப்பாதிப் பருவம் விட்டபாடில்லை. ராஜியின் துணி ஒன்றும் காயவில்லை. அடுப்புக்கு மேலே கயிறு கட்டிப் போட்டிருக்கிறேன். எல்லாத் துணியிலும் புகை வாசனை.

புதன்கிழமை ஏரோப்ளேன். 

லேடி டாக்டர் இன்று மறுபடி பார்த்தாள். ராஜிக்கு ஐந்து மாசம். பார்த்தால் மூன்று என்பார்கள். பசும்பால் கலந்து கொடுத்ததில் வந்த வினை. இன்னும் பச்சையாக, நீராகத்தான் போகிறாள். கண் உள்ளே போய்விட்டது. டாக்டர் சொன்னது: "அம்மையுடெ பால் மாத்ரம் மதி, வேறொண்ணும் கொடுக்கண்டா. நிங்ஙள் நல்லோணம் வெள்ளம் குடிக்கணும், கேட்டோ." தாய்ப்பால் மட்டும் போதும், நான் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டுமாம். பால் வற்றினால் பிறகு என்னிடம் வரவே வேண்டாம் என்பதுபோல் ஒரு பார்வை.

ரயில் கூடாதாம். புகை, கூட்டம், ஸ்டேஷன் தண்ணீர், இந்தக் குழந்தை தாங்காது. மெட்ராஸில் நல்ல குழந்தை டாக்டர் இருக்கிறாராம். அதனால்தான் அங்கே இருக்கிற ராஜியின் அப்பா டிக்கெட்டே எடுத்து அனுப்பிவிட்டார். துணைக்குத் தன் அக்கா அம்புஜத்துக்கும் சேர்த்து. "என் தம்பி என்னை ஆகாசத்துல கூப்பிடறான்" என்று அக்கா எங்கள் வலியசாலைத் தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

பக்கத்து வீட்டுக் கணக்கர் மாமா வாசலில் நின்று: "நாகர்கோவில் பக்கம் போறச்சே ஜாக்கிரதை அம்புஜம். கீழே பூரா வயல். மேலேர்ந்து நீங்க போடறதுதான் அவாளுக்கு உரம்."

அக்கா: "உமக்கு அங்கே வயல் இருக்கோன்னோ? போய்க் குடை பிடிச்சுண்டு நில்லும்."

தெருவே சிரித்தது. நானும். ஆனால் உள்ளே அதே கேள்விதான். அங்கே என்ன செய்வார்கள்? இடம் உண்டா? உண்டென்றால் எங்கே போகிறது? பி.எஸ்ஸி. படித்து என்ன, இதை யாரிடம் கேட்பது?

ஜூன் 9, செவ்வாய்

சாயங்காலம் மழை கொஞ்சம் விட்டது. மூட்டை கட்டுகிறேன்.

ராஜி துணி, இருப்பது பூரா. ரப்பர் ஷீட். பழைய வேஷ்டிக் கிழிசல். வசம்பு. விபூதிப் பொட்டலம். அவருக்கு நார்த்தங்காய். என் சர்டிபிகேட் (எதற்கு? அக்கா சொன்னாள்). வெண்கலச் செம்பு, வாயில் துணி கட்டித் தண்ணீரோடு.

செம்புத் தண்ணீர் குடிக்க அல்ல. அலம்ப.

குடிப்பதைப் பற்றி அக்காவின் சட்டம் வேறு. "பிரயாணத்துக்கு முந்தின நாள் விளக்கு வச்சதும் ஜலத்தை நிறுத்திடணும். ராமேஸ்வரம் போனப்போ நான் ஒரு சொட்டு குடிக்கலை. கூட வந்த ஆம்பிளைகள் ஸ்டேஷன் ஸ்டேஷனா இறங்கி ஓடினான்கள். நான் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன்."

டாக்டர் நிறையக் குடிக்கச் சொன்னாளே என்றேன்.

"சொல்வாள். ஆகாசத்துல கக்கூஸ் கட்டி வச்சிருக்காளா அவ?"

 எனக்கும் பழக்கம்தானே. காலேஜில் அத்தனை வருஷமும் அப்படித்தான். பாட்டனி லாபில் செடிக்கெல்லாம் குடம் குடமாக ஊற்றுவோம், நாங்கள் சாயங்காலம் வீடு திரும்புகிற வரை நாக்கை நனைக்க மாட்டோம். இதெல்லாம் யாரும் சொல்லித் தந்ததில்லை. அம்மா செய்வாள், நாமும் செய்வோம்.

ஒரு பகல்தானே. காலையில் ஏறினால் மத்தியானம் மெட்ராஸ். அங்கே போய் ஒரு குடம் குடித்துக்கொள்ளலாம்.

ராஜி குடித்துவிட்டுத் தூங்குகிறாள். இன்று பால் நன்றாகவே இருந்தது.

ஜூன் 10, புதன். விமான நிலையம்

பென்சிலில் எழுதுகிறேன். மழை. விமானம் இன்னும் கிளம்பவில்லை, மேகம் கலைய வேண்டுமாம். மைதானத்தில் நிற்கிறது, மூக்கைத் தூக்கி, வாலைத் தரையில் வைத்து, குந்தியிருக்கிற தவளை மாதிரி. அக்கா அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இங்கே ஒரு மூலையில் 'லேடீஸ்' போர்டு. அக்கா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. நானும்.

தாகம். வாய் ஒட்டுகிறது. பக்கத்தில் ஒருவர் இளநீர் வெட்டிக் குடிக்கிறார். பார்க்காமல் இருக்கிறேன்.

ராஜி இரண்டு பக்கமும் குடித்தாள். பிறகும் அழுகிறாள்.

ஜூன் 11, வியாழன். மாம்பலம்

நேற்று ஏறின பிறகு எழுத முடியவில்லை. இன்று எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும், மறப்பதற்குள்.

மத்தியானம் ஆகிவிட்டது கிளம்ப. உள்ளே ஏறுவதே மலை ஏறுவது மாதிரி, சீட்டுகளுக்கு நடுவே நடக்கிற வழி சாய்ந்து கிடக்கிறது. சத்தம் சொல்லி முடியாது. காதுக்குப் பஞ்சு, வாய்க்கு மிட்டாய். ஹோஸ்டஸ் பெண் கொண்டுவந்தாள். நீலத் தொப்பி, சின்ன வயசு, கோட்டயத்துப் பேச்சு. அந்த ஆட்டத்தில் தட்டை ஒரு கையில் பிடித்துக்கொண்டு கல்யாண வீட்டுப் பந்தியில் நடக்கிற மாதிரி நடக்கிறாள்.

கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் ராஜி வீறிட ஆரம்பித்தாள். போட்டேன். மார்பைப் பிடித்து இழுத்தாள், விட்டாள், அழுதாள். மறுபக்கம் போட்டேன். அதுவும் இல்லை. ஒன்றும் இல்லை. கசக்கிப் பார்த்தேன், ஒரு சொட்டு.  அவள் உதடு காய்ந்திருந்தது. அழுதால் கண்ணீர் வரவில்லை. அழுகை சத்தமும் மெலிய ஆரம்பித்தது, அதுதான் பயம்.

ஹோஸ்டஸ் வந்து குனிந்தாள். "சேச்சி, எப்போழா வெள்ளம் குடிச்சது?"

கடைசியாக எப்போது தண்ணீர் குடித்தேன் என்று கேட்கிறாள். என் முகமே சொல்லியிருக்கும். அவள் போய் ஒரு பெரிய கண்ணாடி டம்ளர் நிறையத் தண்ணீரோடு வந்தாள். யார் யார் வாய் வைத்த டம்ளரோ. நான் அக்காவைப் பார்த்தேன்.

அக்கா, கிணற்றில் தன் கயிறு தவிர வேறு கயிறு போட விடாதவள், கையை நீட்டி அந்த டம்ளரை வாங்கி என் வாயில் வைத்தாள்.

"குடிடி."

"அக்கா, அப்புறம்..."

"அப்புறம் வந்தா வரட்டும். கொழந்தை வாடறது, குடி. நான் சொன்னது ரயிலுக்கு. இது ஏரோப்ளேன்."

குடித்தேன். இன்னொன்று. ஆரஞ்சு ரசம் ஒன்று. பிறகு பார்லித் தண்ணீர். ஹோஸ்டஸ் கொண்டுவரக் கொண்டுவர அக்கா வாங்கிக் கொடுத்தாள், கோயிலில் தீர்த்தம் கொடுக்கிற மாதிரி நிதானமாக. நடுவில் ஒரு டம்ளரைத் தானும் குடித்துவிட்டாள். நான் பார்த்ததைப் பார்த்து, "என்னடி? எனக்கும் தொண்டை உண்டு" என்றாள்.

பிறகு வரவேண்டியது வந்தது.

ராஜியை அக்காவிடம் கொடுத்துவிட்டு, செம்பை எடுத்துக்கொண்டு வால் பக்கம் போனேன். சின்னக் கதவு. உள்ளே திரும்ப இடமில்லை, ஆனால் அத்தனையும் உண்டு. உட்காருகிற பலகை, அதற்கு மூடி, மூடிக்குக் கீழே ஆழமான டின், டின்னில் கரு நீலத் தண்ணீர். வாசனை அடையாளம் தெரிந்தது. ஸுவாலஜி லாபில் தவளை போட்டு வைத்திருந்த மருந்து! பக்கத்தில் சுருளாகக் காகிதம், சின்னத் தொட்டி, சோப்பு. எதிரே ஒரு அட்டை, இங்கிலீஷில்.

அட்டையைப் படிக்கவில்லை. வீட்டில் எதற்கு முன்னால் எது என்று கை அறியும், கண் அறியாது. உட்காருவதற்கு முன் இடத்தை அலம்ப வேண்டும். செம்பிலிருந்து பாதித் தண்ணீரைத் தரையில் கொட்டிவிட்டேன்.

அதே சமயம் விமானம் ஒரு குதி குதித்தது. தண்ணீர் கதவுக்கு அடியில் நுழைந்து வெளியே போய்விட்டது.

வெளியே ஒருவர்: "அய்யோ, என்ன இது, என் ஷூ!" இன்னொரு குரல்: "குழந்தையா?" "குழந்தை இல்லை சார், முன்னாடி இருக்கு குழந்தை." "அப்போ இது எங்கிருந்து?" யாரோ, "பெட்ரோலா?" என்று கத்தினார்.

உள்ளே நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அப்போதுதான் அட்டை கண்ணில் படுகிறது. 'தரையில் தண்ணீர் ஊற்றக் கூடாது.'

அதற்குள் அக்காவின் குரல், எஞ்சின் சத்தத்துக்கு மேலே: "என் செம்பு ஜலம்தான், நான்தான் கொட்டினேன். நல்ல ஜலம், கரமனை ஆத்து ஜலம். பட்டா புண்ணியம். காலைத் தூக்கிக்கோங்கோ."

நாக்கு மட்டும் ஒருவருக்கு இப்படி அமைந்தால் போதும். வேறு படிப்பு வேண்டாம்.

ஹோஸ்டஸ் கதவைத் தட்டினாள். நான் திறந்து மன்னிப்புக் கேட்கப் போனேன். அவள் துடைக்கிற துணியை உள்ளே நீட்டி, "சாரமில்ல சேச்சி, பதுக்கெ இரிக்கூ" என்றாள். பரவாயில்லை, மெல்ல உட்காருங்கள்! என் வாழ்க்கையில் இந்த விஷயத்துக்கு யாரும் எனக்கு அப்படிச் சொன்னதில்லை.

உட்கார்ந்தேன். அட்டையைப் படித்தேன்.

பிறகு அவளே விவரமாகச் சொன்னாள், வெட்கமில்லாமல், சமையல் குறிப்பு சொல்வது மாதிரி. டின்னில் தண்ணீர் ஊற்றக் கூடாது: மருந்து நீர்த்தால் நாறும், நிறைந்தால் குலுக்கலில் வழியும். அலம்ப வேண்டுமானால் காகிதத்தை நனைத்துக்கொள்ள வேண்டும், இல்லை கொஞ்சமே கொஞ்சம். மூடியைப் போட்டுவிட்டு வெளியே வர வேண்டும். துணி போடவே கூடாது. ராஜியின் துணிகளுக்குத் தடித்த காகிதப் பை தந்தாள்: ஈரம் உள்ளே போகிற மாதிரி சுருட்டி, வாயை மடித்து, தன் கையில் கொடுக்கச் சொன்னாள். கொடுத்தேன். காப்பிக் கோப்பை வாங்குவதுபோல் வாங்கிக்கொண்டாள். மூக்கில் ஒரு சுருக்கம் இல்லை. பெற்றவள் நானே சுளிப்பேன்.

விமானம் திருச்சியில் இறங்கி நின்றபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ஒரு ஆள் வந்தார். முழங்கால் வரை பூட்ஸ், முழங்கை வரை ரப்பர் உறை. வால் பக்கத்தில் கதவைத் திறந்து டின்னை இழுத்தார், மூடியைத் திருகினார், வண்டியில் வைத்தார், வேறு சுத்த டின்னைத் தள்ளினார். ஒரு சொட்டு சிந்தவில்லை. ஆகாயத்தில் ஒன்றும் விழுவதில்லை, வயலிலும் இல்லை. கணக்கர் மாமா ஏமாந்தார்.

எவ்வளவு யோசித்திருக்கிறார்கள்! மனுஷனை ஆகாயத்தில் தூக்குவது பெரிது என்று நினைத்திருந்தேன். தூக்கின பிறகு அவனுக்கு இது வரும் என்று நினைத்துப் பார்த்து, இடம் வைத்து, மூடி வைத்து, மருந்து வைத்து, எடுக்க ஆளும் அந்த ஆள் கைக்கு உறையும் வைத்தார்களே, அதுதான் பெரிது. நம் கொல்லைச் சந்துக்கு வாளியோடு அள்ள வருகிறவருக்கு உறை கிடையாது. வாளிக்கு மூடியும் கிடையாது. ராஜியின் அப்பாவிடம் சொல்லி முனிசிபாலிட்டிக்கு எழுதச் சொல்ல வேண்டும். நானே எழுதினால் என்ன?

திருச்சி தாண்டியதும் ராஜியை மறுபடி போட்டேன். முதலில் வெறும் இழுப்பு.  அக்கா முந்தானையால் மறைத்துக்கொண்டு, "வரும், வரும்" என்றாள். மாடு கறக்கிறவர்கள் சொல்வது மாதிரி. கொஞ்ச நேரம் கழித்து ராஜியின் தொண்டை அசைந்தது. அந்த 'களுக்' சத்தம் எஞ்சின் சத்தத்தில் எப்படிக் கேட்கும்? கேட்டது.

ஆனாலும் குறைவுதான். நேற்று சாயங்காலம் இங்கே அவர் வீட்டுக்கு வந்ததிலிருந்து துணி நனையவே இல்லை.

ஜூன் 12, வெள்ளி

வெயில். மெட்ராஸ் வெயில், கண் கூசுகிறது. குழாயில் தண்ணீர் காலையில் மட்டும்.

டாக்டர் பார்த்தார். முதுகை நிமிர்த்தாமலே: "இன்றும் நாளையும் பார்க்கலாம். பால் குடித்து, மஞ்சளாகப் போனால் பயமில்லை. பச்சையாகவே போனால் ஆஸ்பத்திரியில் படுக்க வைக்க வேண்டியதுதான். நீங்கள் தண்ணீர் குடிக்கிறீர்களா?"

குடிக்கிறேன் என்று நான் சொல்வதற்குள் அக்கா: "ஒட்டகம் மாதிரி குடிக்கறா டாக்டர்."

டாக்டர் விமானத்தைப் பற்றிக் கேட்டார். செம்பு சமாச்சாரத்தை அக்கா முழுசாகச் சொன்னாள், கொட்டினது தான்தான் என்றே. நான் வாய் திறந்தேன். மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

துணி நனைந்தது, இரண்டு தரம். மற்றது இல்லை. கூஜாவைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். இதை எழுதுவதற்குள் மூன்று டம்ளர். எழுந்து போக வேண்டும். போகிறேன், யார் பார்த்தால் என்ன.

ஜூன் 13, சனி

காலை. காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து அக்கா கத்தினாள், "சரஸா, ஓடி வா." டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினேன்.  என்னென்னவோ நினைத்துவிட்டேன்.

ராஜி காலை உதைத்துக்கொண்டு கிடக்கிறாள். அக்கா துணியை ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்திருக்கிறாள், பட்டுப்புடவை பார்ப்பவள் மாதிரி.

மஞ்சள். பச்சை ஒரு நூல்கூட இல்லை.

"பாருடி, பொன்னு" என்றாள். அவரையும் கூப்பிட்டாள். ஷேவ் செய்துகொண்டிருந்தவர் பாதி முகம் சோப்போடு வந்து, குனிந்து, ரொம்ப நேரம் பார்த்தார்.