புகை வருடத்துக் கைநாட்டு

என் உயிருக்குயிரான மாணிக்கம் அண்ணே,

நம் நாட்டு வெள்ளிப் பணத்தின் மதிப்புச் சரிந்து, ஊரெல்லாம் காட்டுத்தீப் புகை மூடி, படகுத்துறையில் நின்றால் எதிர்க்கரை பட்டர்வொர்த் தெரியாமல் போன வருடம் உனக்கு நினைவிருக்கிறதா? எனக்கு இருக்கிறது. எழுதி வைக்கத் தெரியாததால் எல்லாம் தலைக்குள்ளேயே கிடக்கிறது.

உன் திதிக்குப் பத்திரிகையில் போட நாலு வரி கேட்டான் உன் மகன். "வழிகாட்டுன விளக்குன்னு போட்டுடலாம்லா, சித்தப்பா," என்றான். என் பெயரில் அது வராது என்றேன். நான் சொல்லச் சொல்ல, வீட்டில் ஒருத்தி எழுதுகிறாள்.

நம் குடும்பத்தில் நீ ஒருவன்தான் படித்தவன். துறைமுகத்தில் நான் மூட்டை சுமந்தேன், நீ சரக்குக் கிட்டங்கியில் எழுத்து வேலை பார்க்கும் கிராணி. எந்த விண்ணப்பமும் உன் வீட்டு மேசைக்குத்தான் வரும். உனக்கு ராசியான கை என்று சொல்வோம். நீ எழுதுவாய், நாங்கள் கீழே கைநாட்டு வைப்போம். என்ன எழுதினாய் என்று கேட்பது உனக்கு மரியாதைக் குறைவு.

என் மகள் கல்யாணி, பல்கலைக்கழகத்துக்கு முந்திய ஆறாம் படிவத்தில் இருந்தாள். அனைத்துலக உறவுகள் படிக்க வேண்டும், தூதரகத்தில் வேலை பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஒரே பிடிவாதம். பல்கலைக்கழக விண்ணப்பத்தையும் உன் ராசியான கையால் எழுதி வாங்கத்தான் கொண்டுவந்தாள். "பெரியப்பா, அதைத்தான் முதல்ல போடணும்," என்று சொல்லிவிட்டு அண்ணியோடு தேநீர் போட உள்ளே போனாள்.

நீ எழுதினாய். "இங்க அமுக்குடா, தம்பி," என்றாய்.

அன்றைக்கு மட்டும் ஏனோ கேட்டேன். "என்னண்ணே எழுதியிருக்க?"

"அவ கேட்டதுதான்."

அமுக்கினேன். அவள் வருவதற்குள் உறையை ஒட்டிவிட்டாய்.

பதில் வந்தபோது கணக்கியல் என்று இருந்தது. "நான் இதக் கேக்கலையே, பெரியப்பா," என்றாள். நீ சிரித்தாய். "உலகமே வேலையில்லாம கெடக்கு. தூதரகமாம்! கோட்டு தச்சு வச்சிருக்கியா? கணக்குப் படி, சோறு போடும்."

சோறு போட்டது அண்ணே, இல்லை என்று சொல்லவில்லை. இன்றைக்கும் ஒரு தொழிற்சாலையில் கணக்குத்தான் பார்க்கிறாள். ஆனால் அன்று அவள் உன்னைத் திட்டவில்லை. என் கட்டைவிரலைப் பார்த்தாள். படிக்கத் தெரியாதவனிடம் பொய் சொல்ல உனக்கு எப்படி மனசு வந்தது?

இப்போது அவள் மகள் யாழினிக்கு அதே வயது, அதே ஆசை. இந்தக் காலத்தில் எல்லாம் கணினியில். "தாத்தா, தூதரக வேலைக்குப் போறவங்க சட்டம், பொருளாதாரம்கூடப் படிக்கிறாங்க. ஆனா நான் அனைத்துலக உறவுகள்தான் முதல்ல போடப் போறேன், ரெண்டாவது அரசியல். சீனமும் சேர்ந்து படிச்சா நல்லதாம்," என்றாள். எனக்கு என்ன தெரியும்? தலையாட்டினேன்.

போன ஞாயிறு, பாயான் பாருவில் நாங்கள் இருக்கும் வீட்டில், கல்யாணி அந்தக் கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். "கணக்கியல மேல போடு. மத்தத கீழ போட்டுக்கலாம். சோறு போடுற படிப்புடி."

"அது உங்க படிப்பும்மா, என் படிப்பு இல்ல," என்று பெண் அழுதாள்.

வாய் கல்யாணியுடையது, குரல் உன்னுடையது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. செத்தும் நீ அந்த மேசையை விட்டு எழுந்திருக்கவில்லையா?

என்மேலும்தான் கோபம். அந்த உறையைக் கிழித்துப் பார்க்க ஒரு நிமிடம் ஆகாது. ஏன் கிழிக்கவில்லை?

விண்ணப்பத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். சத்தியமாகச் சொல்கிறேன், அன்று நான் யாழினி பக்கத்தில் உட்காருவேன். ஒவ்வொரு வரியையும் சத்தமாக வாசிக்கச் சொல்வேன். முதல் வரியை இரண்டு தடவை. அவள் விரல்தான் அமுக்கும். வேறு எந்தக் கையும், எவ்வளவு ராசியான கையாக இருந்தாலும், கிட்டே வராது.

அந்த உறையை ஒட்டிய நாளில் உன் வீட்டில் இருந்தவர்களில் நீ இல்லை, அண்ணி இல்லை. எனக்கும் நாள் அதிகம் இல்லை. அப்புறம் மிச்சம் ஒருத்திதான். இதை எழுதிக்கொண்டிருப்பவள். கட்டைவிரல் என்று நான் சொன்ன இடத்தில் பேனாவை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பியவள். என்னை மன்னித்துவிடு, மகளே. இதையும் எழுது. நிறுத்தாதே.

இப்படிக்கு உன் தம்பி,
கல்யாணியின் அப்பன்.