நிழல் பக்கத்து ஜன்னல்

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் முட்டிவலியும் அம்மாவின் இருமலும் மட்டுப்பட்டிருக்கும் என்று நம்புகிறேன். நான் நல்லபடியாக வந்து, ஓட்டல் சலவை அறையில் மறுபடி இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டேன்.

முப்பது வருஷம் பஸ் ஓட்டிய கையால் திசை காட்டி, "காலைல வடக்க போற வண்டிடா, இடது ஜன்னல்ல உக்காரு. வெயிலும் அடிக்காது, வேடிக்கையும் பாக்கலாம்" என்றீர்களே, அப்படியே கேட்டு வாங்கினேன். நிழலுக்குக் குறைவில்லை. வேடிக்கைதான் முழுக்க முழுக்க விமானத்தின் இறக்கை. உங்கள் பஸ்ஸுக்கு இறக்கை கிடையாது, உங்களைச் சொல்லிக் குற்றமில்லை.

ஆனால் கிளம்பியதும் நம் வீடு வலது பக்கம் வந்தது. வெயிலில் முகம் சுளித்திருந்த அந்த ஜன்னல்காரர், "யாரோ மொட்டை மாடியில நின்னு எதையோ ஆட்டுறாங்க பாருங்க!" என்று சிரித்தார். அம்மாதான்! பெல்ட்டைக் கழற்றிவிட்டு அவர் மடிமேல் பாய்ந்தேன். பணிப்பெண் பிடித்து உட்காரவைத்துவிட்டார். நான் பார்த்ததெல்லாம் அவர் சட்டைப் பொத்தான்தான்.

யாராவது வந்தால் என் பழைய போர்வையைக் கொடுத்தனுப்புங்கள். இங்கே மலையாகப் போர்வை குவிந்திருக்கிறது, தூக்கம்தான் வரவில்லை.

போனை எப்போதும் அம்மாவே எடுப்பதால்தான் இந்தக் கடிதம். அவளுக்கு வாசித்துக் காட்டாதீர்கள். வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். அம்மா ஆட்டியது என்ன, என்ன நிறம் என்று உடனே எழுதுங்கள். நன்றாகத் தெரிந்தது என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

உங்கள் மகன்