ஒரு மீன், இரண்டு அடுப்பு

அக்கா,

இன்று காலை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கருவாட்டுக் கடைகளைத் தாண்டி வந்தபோது சென்னாங்குன்னி வாசனை அடித்தது. ஈரம் சுத்தமாக வற்றிய நல்ல சென்னாங்குன்னிக்கு மட்டும் வரும் வாசனை. அந்தப் பொடி இறாலை உள்ளங்கையில் கொஞ்சம் அள்ளி, ஊதிப் பார்த்து, மணல் இருக்கிறதா என்று விரலால் கிளறுவீர்கள். பிறகு கடைக்காரியின் முகத்தைப் பார்க்காமலேயே "போன வாரத்துது மாதிரி இல்லியே" என்பீர்கள். விலை தானாக இறங்கும். இன்று நானும் அள்ளினேன், ஊதினேன். அந்த ஒரு வாக்கியம் மட்டும் வாயில் வரவில்லை. அவள் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். நீங்கள் கூட இருந்திருந்தால் பஸ் ஏறும்வரை திட்டியிருப்பீர்கள்.

வீட்டுக்கு வந்து பையைக் கீழே வைத்ததும் உங்களோடு பேசவேண்டும்போல் இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

உறவு என்னவென்று வெளியாட்கள் கேட்டால் ஓரகத்தி என்று சொல்வேன். அண்ணன் பெண்டாட்டி நீங்கள், தம்பி பெண்டாட்டி நான். பூவம் கிராமத்தில் மாமனார் கட்டிய அந்த வீட்டில் ஒரே அடுப்பில்தான் சமைத்துக்கொண்டிருந்தோம். மாமனார் போன பிறகு வாய்க்காலை ஒட்டிய நிலம் யாருக்கு என்று அண்ணன் தம்பிக்குள் பேச்சு தடித்தது. ஊர்ப் பெரியவர்கள் முன்னால் வைத்து என் வீட்டுக்காரர், "இனிமே இவரு எனக்கு அண்ணன் இல்ல" என்று சொல்லிவிட்டார். உங்கள் வீட்டுக்காரர், என் மூத்தார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அடுத்த மாதமே கூடத்தின் நடுவில் செங்கல் சுவர் எழும்பியது. அடுப்படி உங்கள் பக்கம் போயிற்று. எங்களுக்குக் கொல்லையில் ஒரு தகரக் கொட்டகை.

நிலத்தை அளந்தார்கள். தென்னை மரங்களைக்கூட எண்ணிப் பிரித்தார்கள். ஆனால் ஒரு வீடு இரண்டானால் செலவு பாதியாகாது என்பது யாருக்கும் தோன்றவில்லை. பிரிந்துவந்த முதல் மாதத்திலேயே எனக்குப் புரிந்துவிட்டது. புது கேஸ் அடுப்பு, புதுப் பாத்திரம், மகளின் பள்ளிக்கூடச் செலவு. என் வீட்டுக்காரருக்கு டவுனில் ஒரு குடோனில் வேலை. சம்பளம் மாதக் கடைசிவரை வராது. தெருமுனைக் கடையில் கால் லிட்டர் எண்ணெய், நூறு கிராம் பருப்பு என்று அன்றாடம் வாங்கிக்கொண்டிருந்தேன். சின்னச் சின்ன பாக்கெட்டாக வாங்குவதில்தான் பணம் ஒழுகிப்போகிறது என்று தெரிந்தும் வேறு வழியில்லை.

கொல்லையில் பாத்திரம் விளக்கும்போது கிளுவை வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நீங்கள்தான் முதலில் பேசினீர்கள்.

"என்ன புள்ள செல்வி, எண்ணெய பாக்கெட்டுலயா வாங்குற?"

"வேற என்னக்கா செய்யிறது? டின்னு வாங்கக் கையில காசு இல்ல. வாங்குனாலும் எங்க மூணு பேருக்கு அது தீரறதுக்குள்ள சிக்கு வாசம் வந்துடும்."

"இங்க மட்டும் என்னவாம்? மகளக் கட்டிக்குடுத்தாச்சு, நாங்க ரெண்டே பேரு." கையைத் துடைத்துக்கொண்டு வேலிக்குப் பக்கத்தில் வந்து நின்றீர்கள். "அவங்க வாய்க்கால பிரிச்சிக்கிட்டாங்க, சரி. எண்ணெ டின்னு ஒண்ண வாங்கி நாம பாதியாப் பிரிச்சிக்கிட்டா என்னங்கிறேன்?"

"தெரிஞ்சா சண்ட வரும்க்கா."

"தெரியறதுக்கு அவங்க என்னிக்கி அடுப்படிப் பக்கம் எட்டிப் பாத்துருக்காங்க?"

அப்படி ஆரம்பித்ததுதான். மாதப் பிறப்பில் நீங்கள் முதல் பஸ்ஸில் போவீர்கள், நான் அடுத்த பஸ்ஸில். காரைக்காலில் அந்த மொத்தக் கடை வாசலில் சந்தித்துக்கொள்வோம். எண்ணெய், துவரம்பருப்பு, மிளகாய், மல்லி எல்லாம் மொத்தமாக வாங்கி உங்கள் மாட்டுக்கொட்டகையில் வைத்துப் பிரிப்போம். எண்ணெயை ஊற்றும்போது கண்ணைச் சுருக்கிக்கொண்டு மட்டம் பார்ப்பீர்கள். பார்த்துப் பார்த்து ஊற்றியும் என் கேனில்தான் கொஞ்சம் கூட இருக்கும். கேட்டால், "ஒனக்கு வளர்ற புள்ள இருக்கு" என்று வாயை அடைத்துவிடுவீர்கள். பங்குனியில் புதுப்புளி வந்ததும் கொட்டையோடு வாங்கிவந்து, வேலிக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் நீங்களுமாக உட்கார்ந்து மத்தியானம் முழுக்கக் கொட்டை எடுப்போம். கறிவேப்பிலையையும் முருங்கைக்கீரையையும் யாராவது காசு கொடுத்து வாங்கினால் உங்களுக்கு வரும் கோபம் இருக்கிறதே!

ஆனால் உங்களைக் கஞ்சம் என்று சொன்னவர்கள் உங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கமாட்டார்கள். சாமான் வாங்கி முடித்ததும் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடையில் மசால்வடையும் டீயும் வாங்கித் தராமல் என்னை ஊருக்கு அனுப்பியதில்லை. "மிச்சம் புடிக்கிறது வாயக் கட்டுறதுக்கு இல்ல புள்ள, நல்லா திங்கிறதுக்கு" என்பீர்கள். மழை பிடித்துக்கொண்ட ஒரு நாள் நான்கு சின்ன வெங்காயத்தோடு சென்னாங்குன்னியை வதக்கித் துவையல் அரைத்து, சுடுசோற்றில் பிசைந்து, வேலிக்கு மேலே கையை நீட்டி எனக்கு ஓர் உருண்டை கொடுத்தீர்கள். மழையில் நனைந்துகொண்டே இருவரும் நின்று தின்றோம். கல்யாண விருந்துகள் எத்தனையோ சாப்பிட்டிருக்கிறேன். ருசி என்றால் எனக்கு இன்றும் அந்த உருண்டைதான்.

மீன் கதையைச் சொல்லாமல் விடமுடியுமா? கிளிஞ்சல்மேட்டிலிருந்து கூடை கொண்டுவரும் அஞ்சலை, பெரிய மீனை முழுசாக எடுத்தால்தான் விலை குறைப்பாள். "ஒரு வூட்டுக்கு இது தாங்காது தாயி, கூட்டாளி இருந்தா சொல்லு" என்பாள். கூட்டாளி இருந்தாளே! கொல்லைப்பக்கமாக வரச்சொல்லி வாங்கி, வெட்டிப் பிரித்துக்கொள்வோம். தலைக்கு மட்டும் முறை வைத்தோம், இந்தத் தடவை உங்களுக்கு, அடுத்த தடவை எங்களுக்கு என்று. அண்ணனுக்கும் தம்பிக்கும் மீன் தலைதானே உயிர். சுவருக்கு இரண்டு பக்கமும் ஒரே மீன் கொதிக்கும். ஒருநாள் என் வீட்டுக்காரர் மூக்கை உறிஞ்சி, "அந்த வூட்லயும் இன்னிக்கி மீனா?" என்று கேட்டார். "கடலோரத்துல இருந்துகிட்டு வேற என்ன ஆக்குவாங்க?" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

பிறகு எனக்கு அந்தக் காய்ச்சல் வந்தது. எழுந்து நிற்க முடியவில்லை. நீங்கள் என் மண்சட்டியையே வேலி வழியாக வாங்கிப்போய், அதிலேயே குழம்பு வைத்துக் கொண்டுவந்து, என் அடுப்பின்மேல் வைத்துவிட்டுப் போனீர்கள். யாருக்கும் சந்தேகம் வராது என்று நினைத்தோம். என் வீட்டுக்காரர் ஒரு வாய் எடுத்து வைத்தார். கை அப்படியே நின்றுவிட்டது.

"யாரு வச்சது இது?"

"நான்தான்."

"ஒனக்கு எந்திரிக்கவே முடியல." இன்னொரு வாய் தின்றார். "எறக்கறப்ப வெந்தயத்த வறுத்துத் தட்டிப் போட்டுருக்கு. இது அண்ணி கொழம்பு."

தட்டு பறக்கப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். தட்டை என் பக்கம் நகர்த்தி, "இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார். சாப்பிட்டு முடித்த பிறகு, எத்தனை நாளாக நடக்கிறது என்று கேட்டார். எண்ணெய் டின், புளி, மீன் தலைக்கு வைத்த முறை எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப நான் திங்கிற எண்ணெயும் அவரு திங்கிற எண்ணெயும் ஒரே டின்னா?"

"ஆமா."

எழுந்து வெளியே போய்த் தென்னை மரத்தடியில் நெடுநேரம் நின்றுகொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிறு விடிந்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு போனவர் கிளிஞ்சல்மேட்டுக் கரையிலிருந்து ஒரு கொடுவா மீனோடு திரும்பினார். அவ்வளவு பெரிய மீன் நம் கொல்லைக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை. பைக்கிலிருந்து வால் தரையைத் தொட்டது.

"நம்ம மூணு பேருக்கு இது எதுக்குங்க?" என்றேன்.

என் முகத்தைப் பார்க்காமல் பைக்கைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "முழுசா எடுத்தாத்தான் வெல படியுதாம். பிரிச்சிக்கத்தான் ஒனக்கு ஆளு இருக்கே." கொஞ்சம் பொறுத்து, "தலைய அங்க குடுத்துடு. போன தடவ நமக்கு வந்துடுச்சுல்ல" என்றார்.

அக்கா, அந்தத் தலையை வேலிக்கு மேலே உங்களிடம் கொடுத்தபோது உங்கள் கண் கலங்கியிருந்தது. வெங்காயம் உரித்ததாகச் சொன்னீர்கள். கையில் வெங்காயமே இல்லை.

அன்று தலையை யார் அனுப்பியது என்று மூத்தார் கேட்டதையும், "தம்பிதான்" என்று நீங்கள் சொன்னதும் முள்ளைக்கூட விடாமல் சப்பிச் சாப்பிட்டதையும் மறுநாள் சொன்னீர்கள். அறுவடை முடிந்ததும் எங்கள் வாசலில் ஓர் அரிசி மூட்டை இறங்கியது. தூக்கிவந்த ஆள், "பெரியவரு சோத்துக்கு அரைச்சதாம், ரெண்டு வூட்டுக்கும் சேத்தேதான் அரைச்சாராம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போதும் அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்ளவில்லை. "வாயால பேச வெக்கம் புள்ள, சட்டியால பேசிக்கிறாங்க. பேசட்டும் விடு" என்று நீங்கள் சிரித்தீர்கள். காலம் இருக்கிறது என்று நானும் நினைத்தேன்.

அந்த ஐப்பசியில் ஒருநாள் காலை சுவருக்கு அப்பாலிருந்து மூத்தார் என் வீட்டுக்காரரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயர் அவர் வாயில் வந்தது. நாங்கள் ஓடிவந்தபோது நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். என் வீட்டுக்காரர் ஆட்டோவைக் கூட்டிவந்தார். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உங்களை ஏற்றினார்கள். நானும் ஏறப்போனேன். நீங்கள் என் கையைப் பிடித்து, "அடுப்புல பருப்பு கெடக்கு, அணைச்சிட்டு வா" என்றீர்கள். அணைத்துவிட்டு வாசலுக்கு வருவதற்குள் ஆட்டோ போய்விட்டது. அதற்குப் பிறகு உங்களோடு நான் பேசவில்லை.

காரியம் முடியும்வரை சொந்தக்காரர்கள் சமைத்துப்போட்டார்கள். திருவாரூரில் இருக்கும் உங்கள் மகள் அப்பாவைக் கூப்பிட்டுப் பார்த்தாள். "நெலத்த யாரு பாக்குறது?" என்று மறுத்துவிட்டார். எல்லோரும் கிளம்பிய பிறகு அவரே பொங்க ஆரம்பித்தார். தெருமுனைக் கடையில் அதே கால் லிட்டர் எண்ணெய் பாக்கெட். நான் கொடுத்தனுப்பிய சாப்பாட்டை, வேண்டாம் என்று திருப்பி அனுப்பினார். ஒரு மத்தியானம் சுவரைத் தாண்டிக் கடுகு கருகும் வாசனை வந்தது, அதன் பின்னாலேயே சோறு அடிப்பிடித்த வாசனையும். என் வீட்டுக்காரர் பாதிச் சாப்பாட்டில் எழுந்தார். தெருவைச் சுற்றிக்கொண்டு அவர்கள் வாசல் வழியாக உள்ளே போனார். நான் வேலியோரம் நின்று உங்கள் அடுப்படி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே."

சட்டியைக் கரண்டியால் சுரண்டும் சத்தம் கேட்டது.

"அடுப்ப அணைச்சிட்டு வா. வூட்ல சோறு இருக்கு."

"எனக்கென்ன, நானே பொங்கிக்குவேன்."

"பொங்குவ. அண்ணி சட்டியெல்லாம் கருக்கிப்புடுவ."

அதைக் கேட்டதும் மூத்தார் அழுதுவிட்டார், அக்கா. சுடுகாட்டில்கூடக் கண்ணீர் விடாத மனுஷர், கையில் கரண்டியோடு நின்று குழந்தைபோல் அழுதார். என் வீட்டுக்காரர் அடுப்பை அணைத்து, அவரைக் கையைப் பிடித்து அழைத்துவந்தார்.

இப்போது உங்கள் அடுப்படியில்தான் சமைக்கிறேன். தகரக் கொட்டகையில் எதற்கு வேகவேண்டும், இங்கே வந்து சமைக்கச் சொல்லு என்று மூத்தார்தான் தம்பியிடம் சொல்லியனுப்பினார். ஒரே சிலிண்டர், ஒரே சட்டி. மாதப் பிறப்பில் இரண்டு பேரும் பைக்கில் மொத்தக் கடைக்குப் போகிறார்கள். புளி நல்ல புளியா இல்லையா என்று கடையிலேயே சண்டை. திரும்பும்போது மூத்தார் எண்ணெய் டின்னை மடியில் அணைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வருவார். கூடத்துச் சுவர் அப்படியே நிற்கிறது. இடிக்கலாமா என்ற பேச்சு வந்தது. கூலி கேட்டுவிட்டு, அது பாட்டுக்கு நிற்கட்டும் என்று இருவரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். நீங்கள் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள்.

மூத்தாருக்கு என்னிடம் நேராகப் பேசும் வழக்கம் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். எதுவானாலும் தம்பியிடம் சொல்லி, தம்பி என்னிடம் சொல்லவேண்டும். நேற்று சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வாசற்படியில் நின்றவர் திரும்பி என்னைப் பார்த்து, "நாளைக்கி என்ன கொழம்பும்மா?" என்று கேட்டார்.

நான் யோசிக்கவே இல்லை. "எது மலிவா வருதோ, அதுதான் மாமா" என்றேன்.

என் வீட்டுக்காரர் தட்டிலிருந்து சட்டென்று நிமிர்ந்தார். அந்தப் பதில், அந்த இழுவை, கடைசியில் வரும் அந்தச் சின்னச் சிரிப்பு எல்லாமே உங்களுடையது. என் வாயில் அது எப்போது வந்து உட்கார்ந்தது என்று எனக்கே தெரியவில்லை.

"அப்பிடின்னா நல்லாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு மூத்தார் வயலுக்குக் கிளம்பினார்.