கோவிந்தராஜன் சாரின் கட்டுரை திறக்கவில்லை

செப்டம்பர் 5, 2005

இன்றும் நூலகத்தில் நாலு பேருக்கு விளக்கினேன். நம் கல்லூரி சந்தா கட்டும் இணையதளத்தில் பழைய ஆய்விதழ்கள் திறக்கும். கடைசி ஓராண்டு இதழ்கள் மட்டும் திறக்காது. அது பதிப்பகத்தின் கட்டுப்பாடு. நாலு பேரும் நானே சாவியை முந்தானையில் முடிந்து வைத்திருப்பதுபோல் பார்த்தார்கள்.

பக்கத்து மேசை ஜமீலா அக்கா சொன்னார்: “பூட்டுனவன் லண்டன்ல. வசவு வாங்குறது நீ. சல்தா ஹை, எல்லாம் இப்படித்தான் ஓடும். வடாபாவ் சாப்டு.”

செப்டம்பர் 6

சிவில் துறைத் தலைவர் கோவிந்தராஜன் சார் வந்தார். மலைச்சாலை நிலச்சரிவு பற்றி அவர் எழுதிய கட்டுரை மார்ச்சில் வெளியாகியிருக்கிறது. பதவி உயர்வு நேர்காணலுக்கு அச்சான பக்கங்கள் வேண்டுமாம். திறக்கவில்லை.

“நான் எழுதினதம்மா. நானே படிக்க முடியாதா?”

“படிக்கலாம் சார். அடுத்த மார்ச்சுல.”

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ‘இணையத்தில்தான் எல்லாம் இருக்கிறதே’ என்று அச்சு இதழை நிறுத்திய நூலகக் குழுவுக்குத் தலைவரே இவர்தான். சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. என் தற்காலிக வேலை இந்த மாதத்தோடு முடிகிறது. நீட்டிப்பதும் அதே குழு. விழுங்கிவிட்டேன்.

செப்டம்பர் 8

வந்தார். திறக்கவில்லை.

செப்டம்பர் 13

மாணவர்கள் முன்னால் கேட்டார்: “ஒரு கட்டுரை எடுத்துத் தர முடியல. உங்களை எதுக்கு வச்சிருக்கோம்? கமிட்டில பேசறேன்.”

ச்சே. நானா பூட்டினேன்? எத்தனை தடவைதான் சொல்றது?

அழுகையை அடக்கிக்கொண்டு கேட்டேன். எழுதியவருக்குப் பதிப்பகம் அந்தக் கட்டுரையை மட்டும் தனிப் புத்தகமாக அச்சிட்டு ஒரு கட்டு அனுப்பியிருக்குமே?

சார் குரலைத் தாழ்த்தினார். “வந்தது. மே மாசம் பொண்ணு கல்யாணம். தாம்பூலப் பையில போட்டுக் குடுத்துட்டேன்.”

“எல்லாத்தையுமா சார்?”

“சம்பந்தி வீட்டுல நிறைய இன்ஜினியர்ஸ்மா.”

வெற்றிலை, பாக்கு, தேங்காய், நிலச்சரிவு. வீட்டுக்கு வரும்வரை பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

செப்டம்பர் 14

ஜமீலா அக்காவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கல்யாணத்துக்குப் போனவர் அவர். (தற்காலிகங்களுக்குப் பத்திரிகை கிடையாது.)

“தேங்காய வீட்டுக்கு எடுத்துட்டுப் போனேன். புக்க இங்கயே சேத்துட்டேன்டி.”

நூலகத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு அச்சடித்த எதையும் தூக்கிப்போடக் கை வராது. முத்திரை குத்தி அன்பளிப்பு அலமாரியில் செருகியிருக்கிறார். கணினியில் ஏற்றவில்லை. போய்ப் பார்த்தேன். கூட்டுறவு வங்கி மலருக்கும் தெருக் கணபதி மண்டல் விழா மலருக்கும் நடுவில், ஓரத்தில் குங்குமக் கறையோடு இருக்கிறது.

ஒரு வாரமாக இல்லை இல்லை என்று சொன்ன வாயால் இப்போது எப்படிச் சொல்வது? “சத்தமில்லாம அவர் டேபிள்ல வச்சிட்டு வா” என்கிறார் அக்கா. எப்படி வைப்பது? நம் முத்திரை மே மாதத் தேதியோடு பளிச்சென்று இருக்கிறது. சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் அவருடைய பதவி உயர்வு போகும். திட்டினாலும் பாவம், அது அவர் எழுதியது.

செப்டம்பர் 15

கொடுத்துவிட்டேன். நடந்ததையும் சொல்லிவிட்டேன்.

முதல் பக்கத்தைத் தடவினார். முத்திரையைப் படித்தார்.

“சம்பந்தி வீட்டுல இதை அலமாரித் தட்டுல விரிச்சிருக்கா. போன வாரம் பார்த்தேன்” என்றார். குங்குமக் கறையை விரலால் துடைத்துப் பார்த்தார். “நீங்களாவது வச்சிருந்தீங்களே.”

ஜமீலா அக்காதான் என்றேன். அவருக்கும் நன்றி சொல்லச் சொன்னார்.

செப்டம்பர் 28

ஓராண்டு நீட்டிப்பு. அப்பாடா.

அக்டோபர் 17

சாருக்குப் பதவி உயர்வு வந்துவிட்டது. பேடா கொடுக்க நூலகத்துக்கு வந்தார். அந்த நேரம் பார்த்து விரிவுரையாளர் மனோஜ், புது இதழ் திறக்கவில்லை என்று என் மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“கேளுங்கோ மனோஜ். பழசெல்லாம் திறக்கும். கடைசி ஒரு வருஷம் மட்டும் திறக்காது. அது பப்ளிஷர் ரூல். இவங்க கையில ஒண்ணுமில்ல” என்று சார் பொறுமையாக ஆரம்பித்தார்.

“அப்ப அச்சு இதழை எந்தப் புத்திசாலி சார் நிறுத்தினான்?” என்றார் மனோஜ்.

நான் பேடாவை வாயில் போட்டுக்கொண்டேன்.